ஈஜிஆர் வால்வு போச்சு என்றால், உண்மையில் போனது எது?

என் அக்கா வீட்டுக்காரர் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் புதுச்சேரிக்குக் காரில் வேலைக்குப் போய்வருகிறவர். பிஎஸ் 4 (பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை விதி) காலத்து டீசல் வண்டி. ஒருநாள் காலை கிருமாம்பாக்கம் தாண்டும்போது டேஷ்போர்டில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிந்தது. முதல் நாள்தான் முள்ளோடையில் டீசல் நிரப்பியிருந்தார். "டீசல்ல ஏதோ கோளாறு மச்சான்" என்று என்னிடம் போனில் சொன்னார். ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஈஜிஆர் வால்வு போச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். மாற்றினார்கள். பத்து நாள்கூட ஆகவில்லை, அதே விளக்கு, அதே கோடு (ஸ்கேனர் காட்டும் பழுது எண்).

பழுது டீசலிலும் இல்லை, வால்விலும் இல்லை. வேறொரு ரப்பர் ஹோஸில் இருந்தது. அந்த ஹோஸுக்கும் ஈஜிஆர் கோடுக்கும் என்ன தொடர்பு என்று புரிந்துகொண்டால், இந்தப் பழுதைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை முடிந்த மாதிரி. அதற்கு முதலில் ஈஜிஆர் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

தணல் மேல் சாம்பல்

எஞ்சின் வெளியே தள்ளும் புகையில் ஒரு பங்கைத் திருப்பி எடுத்து, உள்ளே போகும் காற்றோடு கலந்து, மறுபடி சிலிண்டருக்குள் அனுப்பும் ஏற்பாடுதான் ஈஜிஆர் (எக்ஸாஸ்ட் கேஸ் ரீசர்குலேஷன்). முதன்முதலாகக் கேட்கும்போது எனக்கு இது விசித்திரமாகத்தான் இருந்தது. எரிந்து முடிந்த புகையில் எரிவதற்கு இன்னும் என்ன இருக்கிறது? அநேகமாக ஒன்றும் இல்லை. அதனால்தான் அதை உள்ளே அனுப்புகிறார்கள்.

கரிப் பெட்டியில் துணி தேய்க்கிறவரைக் கவனித்திருப்பீர்கள். தணல் மேல் சாம்பல் படிந்திருந்தால் சூடு மட்டாக இருக்கும். சாம்பலை ஊதிவிட்டால் தணல் மறுபடி கனலும். சாம்பல் தானும் எரியாது, தணலுக்குக் காற்றையும் தாராளமாக விடாது. சிலிண்டருக்குள் திரும்பி வரும் புகைக்கும் அதே வேலைதான். ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் எரிதலின் சூட்டில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கின்றன. உச்ச வெப்பம் குறைகிறது.

உச்ச வெப்பத்தை ஏன் குறைக்க வேண்டும்? காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். சாதாரண வெப்பத்தில் இரண்டும் ஒன்றோடொன்று சேர்வதில்லை. சிலிண்டருக்குள் வெப்பம் சுமார் 1,400 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது சேர ஆரம்பித்து, நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகின்றன. வெப்பம் ஏற ஏற அவை உருவாகும் வேகமும் தாறுமாறாகக் கூடும். நுரையீரலைப் புண்ணாக்கும் வாயு இது; வெயிலில் மற்ற ஆவிகளோடு சேர்ந்து தரைமட்டத்தில் ஓசோனை உண்டாக்கவும் செய்யும். அதனால்தான் சட்டம் இதற்கு வரம்பு வைத்திருக்கிறது. டீசல் காருக்கு பிஎஸ் 4 விதியில் கிலோமீட்டருக்கு 0.25 கிராம். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க வந்த பிஎஸ் 6 விதியில் அது 0.08 கிராம். மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே.

இந்த வால்வு எந்நேரமும் திறந்திருக்காது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பொதுவாக மூடியிருக்கும். பஸ்ஸை முந்துவதற்காக ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் மூடிக்கொள்ளும். அப்போது கிடைக்கிற காற்றெல்லாம் இழுவைக்கு வேண்டும். சீரான வேகத்தில் போகும்போது திறக்கும். டீசல் வண்டிகளில் ஐடிலிங்கிலும், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போதும், ஓரளவு திறந்திருப்பது உண்டு. பெட்ரோலில் ஐடிலிங்கில் மூடியே இருக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சோதனை செய்யும்போது வேண்டியிருக்கும். இன்னொன்று: பல பெட்ரோல் கார்களில் தனியாக ஈஜிஆர் வால்வே கிடையாது. கேம்ஷாஃப்ட் டைமிங்கை (சிலிண்டர் வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை) மாற்றியே அந்த வேலையை முடித்துக்கொள்கின்றன. உங்கள் வண்டியில் வால்வு இருக்கிறதா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

கரி எப்படி ஏறுகிறது

சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றித் துடைத்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வெறும் தூசி என்றால் ஒரு தட்டுத் தட்டினால் போய்விடும். தாளிக்கும்போது கிளம்பும் எண்ணெய் ஆவி அதோடு சேர்ந்தால்தான் பிசுக்காகி, கத்தி வைத்துச் சுரண்ட வேண்டிய நிலைக்குப் போகிறது. எஞ்சினிலும் அப்படித்தான். ஈஜிஆர் குழாய் வழியாக வருவது உலர்ந்த கரித்தூள். எஞ்சின் ஆயில் இருக்கும் பகுதியிலிருந்து ஆயில் ஆவி இன்னொரு குழாய் வழியாக இன்டேக்குக்கு, அதாவது காற்று உள்ளே போகும் பாதைக்கு, வருகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் தார் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. வால்வின் தண்டும் உட்காரும் வளையமும் அந்தப் பிசுக்கில் சிக்கினால் முழுக்கத் திறக்காது, இல்லையென்றால் முழுக்க மூடாது.

தினமும் நெல்லித்தோப்பிலிருந்து இந்திரா காந்தி சிலை வரைக்கும், அங்கிருந்து மறுபடி வீட்டுக்கும் என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடும் டீசல் வண்டியில் கரி சீக்கிரம் ஏறும். எஞ்சின் நன்றாகச் சூடாவதற்குள் சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறோம். நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் தொடர்ந்து ஓடும் வண்டிக்கு அந்தத் தொல்லை குறைவு.

திறந்தபடி சிக்கினால், மூடியபடி சிக்கினால்

இரண்டுக்கும் அறிகுறி வேறு. திறந்தபடி சிக்கிய வால்வு வேண்டாத நேரத்திலும் புகையை உள்ளே விடும். பெட்ரோல் வண்டி ஐடிலிங்கில் நடுங்கும், மரப்பாலம் சிக்னலில் நிற்கும்போது அணைந்துபோகும். வேகம் எடுத்தால் ஓரளவு சரியாகிவிடும். டீசல் வண்டியில் பிக்கப் குறைந்து, ஆக்சிலேட்டரை மிதித்தால் கரும்புகை தள்ளும்.

மூடியபடி சிக்கிய வால்வு பெரும்பாலும் வெளியே எதுவும் காட்டாது. சில பெட்ரோல் வண்டிகளில் ஏற்றத்தில் இழுக்கும்போது கடகடவென்று நாக்கிங் கேட்கும். டீசலில் ஓட்டுகிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாமல் போகலாம், விளக்கு மட்டும் எரியும். "வண்டி நல்லாத்தானே ஓடுது, புகைச் சான்றிதழும் வாங்கியாச்சு" என்று பலர் விட்டுவிடுவது இதனால்தான். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புகைப் பரிசோதனை மையத்தில் டீசல் வண்டிக்கு அளப்பது புகையின் கருமையை மட்டும்தான். நைட்ரஜன் ஆக்சைடை அங்கே அளப்பதில்லை. ஆகவே ஈஜிஆர் மூடியபடி கிடக்கும் வண்டி அந்தச் சோதனையில் நல்லபடியாகவே தேறிவிடும். சான்றிதழ் கையில் இருப்பதால் ஈஜிஆர் வேலை செய்கிறது என்று ஆகாது.

கோடு சொல்வது என்ன

ஸ்டீயரிங்குக்குக் கீழே, முட்டிக்கு மேலே, 16 பின் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். மொபைலோடு புளூடூத்தில் இணையும் சின்ன ஸ்கேனர் ஒன்றை அதில் செருகினாலே பெரும்பாலான வண்டிகளில் கோடைப் படித்துவிடலாம். ஈஜிஆர் குடும்பம் பி 0400-இல் தொடங்குகிறது. பி 0401 என்றால் திரும்பி வரும் புகை போதவில்லை. பி 0402 என்றால் அளவுக்கு மேல் வருகிறது. பி 0403 மின்சுற்றுக் கோளாறு. பி 0404 என்றால் வால்வு சொன்ன இடத்துக்குப் போகவில்லை என்று அர்த்தம். பி 0405, பி 0406 இரண்டும் வால்வு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் சென்சாரின் சிக்னல் மிகக் குறைவு, மிக அதிகம் என்பவை.

இதில் 0403, 0405, 0406 மூன்றும் ஒயரைப் பார்க்கச் சொல்லும் கோடுகள். 0404 வால்வின் அசைவைப் பார்க்கச் சொல்கிறது. குழப்பம் முழுக்க 0401-இலும் 0402-இலும்தான். ஏனென்றால் பல வண்டிகளில், திரும்பி வரும் புகையை நேரடியாக அளக்க எந்தக் கருவியும் கிடையாது. எஞ்சின் கம்ப்யூட்டர் அதைக் கணக்குப் போட்டு ஊகிக்கிறது.

அந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். 1,200 சிசி, நான்கு சிலிண்டர் என்றால் ஒரு சிலிண்டர் 300 சிசி. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்று சுமார் 1.16 கிராம். டர்போ (காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் விசிறி) அழுத்தம் இல்லாத ஐடிலிங்கில் ஒரு சிலிண்டர் முழுக்க நிரம்பினால் சுமார் 350 மில்லிகிராம் காற்று. இப்போது ஈஜிஆர் திறந்து, இடத்தில் மூன்றில் ஒரு பங்கைப் புகை பிடித்துக்கொண்டால் புதுக் காற்று சுமார் 230 மில்லிகிராம்தான் உள்ளே போக முடியும். ஏர் ஃபில்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் புதுக் காற்றை மட்டுமே எடை போடுகிறது. 350 இருந்தது 230 ஆனால் "சரி, புகை வந்துவிட்டது" என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்கிறது. எண் எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை என்றால், "புகை போதவில்லை" என்று 0401 போடுகிறது.

இப்போது மாமாவின் வண்டிக்கு வருவோம். ஏர் ஃப்ளோ சென்சாரைத் தாண்டிய காற்று டர்போவுக்குள் போய், அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக, ரப்பர் ஹோஸ்களில் பயணம் செய்துதான் எஞ்சினுக்குள் வருகிறது. டர்போவுக்குப் பிந்தைய ஹோஸ் ஒன்றின் அடிப்பக்கத்தில், கிளாம்ப்பை ஒட்டி ஒரு வெடிப்பு. வேகமாகப் போகும்போது, எடை போட்ட காற்றில் கொஞ்சம் அந்த வெடிப்பு வழியாக வெளியேறிவிடும். சென்சாரோ முழுக் காற்றையும் கணக்கில் எழுதிவிட்டது. கம்ப்யூட்டர் பார்க்கிறது: காற்று எண் இறங்கவில்லை, ஆக ஈஜிஆர் போதவில்லை. வால்வை இன்னும் திறக்கிறது. அப்போதும் எண் இறங்கவில்லை. கடைசியில் 0401. உண்மையில் சிலிண்டருக்குள் புகை தேவைக்கு மேலேயே போய்க்கொண்டிருந்தது, கோடு மட்டும் போதவில்லை என்றது. வால்வை எத்தனை முறை மாற்றினாலும் இந்தக் கணக்கு நேராகாது.

கோடு என்பது கம்ப்யூட்டருக்கு எந்த இடத்தில் கணக்கு இடித்தது என்பதைத்தான் சொல்கிறது. எந்தப் பொருளை மாற்ற வேண்டும் என்று அது சொல்வதில்லை. இதை நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஈஜிஆர் வால்வு மலிவான பொருள் இல்லை.

பார்க்க வேண்டிய வரிசை

கோடை அழிக்காதீர்கள். அதோடு சேர்த்து ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒரு பதிவு இருக்கும். கோளாறு பதிவான நொடியில் வண்டியின் வேகம், எஞ்சின் சுற்று, கூலன்ட் சூடு எல்லாம் அதில் இருக்கும். அதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாமா வண்டியில் அது மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல், எஞ்சின் நல்ல சூட்டில், சீரான ஓட்டம் என்று காட்டியது. அவருடைய வண்டிக்கு வழி காட்டியது இந்த ஒரு தகவல்தான்.

பிறகு எஞ்சின் ஆறியதும் பானெட்டைத் திறந்து கண்ணால் பாருங்கள். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, ஹோஸ் எங்காவது நழுவியிருக்கிறதா, கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா. ஹோஸின் மேற்பக்கம் மட்டும் பார்த்தால் போதாது, கையை அடியில் விட்டுத் தடவ வேண்டும். ஆயில் ஈரமும் தூசியும் சேர்ந்து ஒரே இடத்தில் கருப்பாகப் பிசுபிசுத்தால் அங்கேதான் காற்று கசிகிறது.

அப்புறம் ஒயரிங். கடலோரத்தில் இருக்கிறவர்கள் இதைத் தாண்டிப் போகவே கூடாது. தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் பக்கம் வெளியில் நிற்கும் வண்டிகளில் உப்புக் காற்று கப்ளருக்குள் (ஒயர்கள் இணையும் பிளக்குக்குள்) புகுந்து, பின்களில் பச்சையாகக் களிம்பு பிடித்துவிடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பெய்த மழையில் தெருக்களில் நின்ற வண்டிகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்படி நனைந்த கப்ளர் பல மாதம் கழித்தும் தொல்லை கொடுக்கலாம். 0403, 0405, 0406 வந்தால் வால்வைத் தொடுவதற்கு முன் கப்ளரைக் கழற்றிப் பார்த்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, உலர்த்தி மாட்டிப் பாருங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் ஸ்கேனரில் லைவ் டேட்டா. கம்ப்யூட்டர் கேட்கும் திறப்பு எவ்வளவு, வால்வு காட்டும் திறப்பு எவ்வளவு என்று இரண்டு எண்கள் வரும். கேட்பது 0 சதவீதம், காட்டுவது 12 என்றே நின்றால், வால்வு மூடவில்லை அல்லது சென்சார் பொய் சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போனால் ஒர்க்‌ஷாப்பின் பெரிய ஸ்கேனரில் வால்வைக் கட்டளை கொடுத்துத் திறந்து மூடச் சொல்லுங்கள். டீசல் எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது வால்வு மூடினால் காற்று எண் ஏற வேண்டும், திறந்தால் இறங்க வேண்டும். பெட்ரோலில் திறந்ததும் எஞ்சின் தடுமாற வேண்டும். வால்வு அசைகிறது, ஆனால் எஞ்சினிலும் எண்ணிலும் ஒரு மாற்றமும் இல்லை என்றால் குழாய்ப் பாதை கரியால் அடைத்திருக்கலாம், அல்லது ஏர் ஃப்ளோ சென்சார் அழுக்காகியிருக்கலாம்.

மாமா வண்டியில் இந்தச் சோதனையில் எண் ஒழுங்காக ஏறி இறங்கியது. வால்வும் பாதையும் நன்றாக இருக்கின்றன என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஐடிலிங்கில் சரி, 60-இல் தவறு என்றால், இரண்டுக்கும் நடுவே மாறுவது டர்போ அழுத்தம். அதன் பிறகுதான் ஹோஸ்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தோம்.

வாக்குவத்தில் (காற்றை உறிஞ்சும் விசையில்) இயங்கும் பழைய வகை வால்வு என்றால் சோதனை இன்னும் சுலபம். கைப் பம்ப்பால் அதன் சின்ன ஹோஸில் வாக்குவம் கொடுங்கள். பம்ப்பின் முள் நிற்காமல் இறங்கினால் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) கிழிந்திருக்கிறது. முள் நின்று, ஐடிலிங்கில் பெட்ரோல் எஞ்சின் தடுமாறினால் வால்வு நல்ல வால்வு. அப்போது வாக்குவத்தை அனுப்பும் சோலினாய்டையும் ஹோஸ்களையும் பார்க்க வேண்டும்.

எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்கும்போது வண்டியை மூடிய ஷெட்டுக்குள் நிறுத்தாதீர்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது, உயிரை எடுத்துவிடும்.

கழற்றிச் சுத்தம் செய்வது என்று முடிவானால், மின் மோட்டார் இருக்கும் பக்கத்துக்குள் கிளீனர் இறங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கியர் உடையும். மறுபடி மாட்டும்போது புது கேஸ்கெட் வேண்டும். பல வண்டிகளில் வால்வின் மூடிய நிலை எது என்று ஸ்கேனர் மூலம் கம்ப்யூட்டருக்கு மறுபடி பழக்க வேண்டியிருக்கும். அதை விட்டுவிட்டு விளக்கு எரிகிறது என்று புலம்பிப் பயனில்லை.

கூலன்ட் குறைந்தால்

டீசல் வண்டிகளில் பெரும்பாலும் இந்தப் புகையைக் குளிர்விக்க ஈஜிஆர் கூலர் ஒன்று இருக்கும். அதற்குள் ஒரு பக்கம் புகை, இன்னொரு பக்கம் கூலன்ட். நடுச்சுவர் விரிசல் விட்டால் கூலன்ட் இன்டேக்குக்குள் கசியும். தரையில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை, ஆனால் டேங்க்கில் கூலன்ட் மட்டம் குறைந்துகொண்டே போகிறது, சூடான பிறகும் வெள்ளைப் புகை இனிப்பு வாசனையோடு வருகிறது என்றால் வண்டியை ஓட்டாதீர்கள், டோ செய்து எடுத்துப்போங்கள். சிலிண்டரில் தண்ணீர் சேர்ந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கரி பிடித்த வால்வு காத்திருக்கும், இது காத்திருக்காது.

"பிளேட் போட்டு அடைச்சிடலாமா?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். குழாயில் ஒரு தகடு வைத்து ஈஜிஆரை அடைத்துவிட்டால் கரி ஏறாது என்பது உண்மைதான். ஆனால் சாம்பலை ஊதிவிட்ட தணல் மாதிரி சிலிண்டர் சூடு ஏறி, அந்த நைட்ரஜன் ஆக்சைடு அப்படியே வெளியே வரும். உங்களுக்குப் பின்னால் பைக்கில் பிள்ளையை உட்காரவைத்து ஓட்டி வருகிறவர் அதைத்தான் மூச்சில் இழுக்கிறார். காற்று எண் இறங்காததைக் கம்ப்யூட்டரும் கண்டுபிடித்து விளக்கைப் போடும். அதை ஏமாற்ற சாஃப்ட்வேரை மாற்ற வேண்டும். பிஎஸ் 6 வண்டியில் ஈஜிஆரை நம்பித்தான் மற்ற வடிகட்டிகளின் கணக்கும் போடப்பட்டிருக்கிறது, அதனால் ஒரு பழுது நான்காகும். நான் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன், யார் கேட்டாலும்.

ஹோஸ் மாற்றிய அன்று மாலை நானும் மாமாவும் ஸ்கேனரைச் செருகியபடியே மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிப் பக்கம் கிளம்பினோம். பழுது சரியானதா என்று பார்க்க, கோடு பதிவான அதே நிலைமையில் ஓட்ட வேண்டும்: எஞ்சின் சூடு, 60-க்கு மேல், ஆக்சிலேட்டர் ஒரே சீராக. ரெட்டிச்சாவடி தாண்டியதும் சாலை கொஞ்சம் காலியாகக் கிடைத்தது. கம்ப்யூட்டர் கேட்ட காற்றும் சென்சார் காட்டிய காற்றும் அக்கம்பக்கமாகவே நின்றன. வால்வும் முன்பு போலக் கடைசி வரை திறந்துகொண்டு நிற்காமல் பாதியிலேயே ஏறி இறங்கியது. தவளக்குப்பம் வரை போய்த் திரும்பினோம். முதலில் கழற்றிப் போட்ட பழைய வால்வை மாமா ஒர்க்‌ஷாப்பில் கேட்டு வாங்கி வைத்திருந்தார். வீட்டுக்கு வந்து கரியைத் துடைத்துவிட்டு விரலால் அமுக்கிப் பார்த்தோம். தடையில்லாமல் திறந்து மூடியது. அதைத் துணியில் சுற்றி டிக்கியில் வைத்திருக்கிறார்.